பல்லைப் பிடுங்கினோம், வலி தோளில் இருந்தது

எங்க ஊர் குடியாத்தம். அம்மா முப்பது வருஷமா பீடி சுத்துறாங்க. மடியில முறம், குனிஞ்ச தலை, எண்ணிக்கை முடியற வரைக்கும் நிமிர மாட்டாங்க. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னுதானே கூலி.

போன வருஷம் வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லு வலின்னாங்க. கிராம்பு வெச்சாங்க, உப்புத் தண்ணி கொப்பளிச்சாங்க, கேக்கல. ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன் (பேர் வேண்டாம்). எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் தெரியலன்னுதான் சொன்னார். ஆனாலும் "எடுத்துட்டா நிம்மதி"ன்னு எடுத்துட்டார். நானும் தலையாட்டினேன், அதுதான் இன்னிக்கும் உறுத்துது. புண் ஆறினதும் அம்மா சொன்னது: "பல்லு பூடுச்சுடா, வலி அங்கியே கீது."

அப்புறம் கழுத்துப் பிடிப்புக்காக வேலூர்ல ஒரு பிசியோதெரபிஸ்ட்டப் பார்த்தோம். பல்லுக் கதையக் கேட்டதும் அந்தம்மா முதல்ல கேட்டது, "படி ஏறும்போது தாடை வலி கூடுதாம்மா?" இதயக் கோளாறு வலியும் தாடைக்கு வருமாம். இசிஜி எடுத்துப் பார்த்து, அது சரின்னு ஆன பிறகுதான் கை வெச்சாங்க.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற சதையக் கிள்ளிப் பிடிச்சாங்க. உள்ள புளியங்கொட்ட மாதிரி ஒரு முடிச்சு, என் விரலையும் வெச்சுக் காட்டினாங்க. அதை அழுத்துனதும் அம்மா கை தோளுக்குப் போகல, கன்னத்துக்குப் போச்சு. "ஐயோ, அதே பல்லும்மா!" எந்தப் பல்லு? குப்பைக்குப் போன பல்லு.

இதுக்கு டிரிக்கர் பாயிண்ட்னு பேராம். அந்தத் தசை டிரபீசியஸ். அது முடிச்சுப் போட்டா வலி கண்ணுக்குப் பக்கவாட்டுல இருக்கற நெத்திப்பொட்டுக்கும் தாடைக் கோணத்துக்கும் ஏறும், சில பேருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கே போகும். கழுத்துலேர்ந்தும் முகத்துலேர்ந்தும் வர்ற நரம்புச் சேதி மேல் தண்டுவடத்துல ஒரே இடத்துல சேர்றதால மூளை விலாசத்தத் தப்பாப் படிச்சுடுதாம். கென்னடி அதிபரா இருந்தப்ப அவருக்கு வைத்தியம் பார்த்த ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸோட சேர்ந்து 1983ல எந்தத் தசை வலி எங்க போகும்னு படமே போட்டு வெச்சிருக்காங்க. அந்த முடிச்சு உள்ளபடி என்னன்னு டாக்டருங்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் இருக்குன்னும் அந்தம்மாவே சொன்னாங்க. மறைக்காம சொன்னதுதான் எனக்குப் பிடிச்சுது.

வைத்தியம் பெருசா இல்ல. முடிச்ச அழுத்திவிட்டாங்க, கழுத்த மறுபக்கம் சாய்ச்சு இழுக்கச் சொல்லிக்குடுத்தாங்க, சுடுதண்ணி ஒத்தடம். முறத்துக்கு அடியில தலகாணி வெச்சு உயர்த்தச் சொன்னாங்க, அம்மாவுக்கு அதுதான் கஷ்டம், "கத்திரி ஓட மாட்டேங்குது"ன்னு ஒரு வாரம் முனகினாங்க. மூணு வாரத்துல பல்லுவலி இறங்கிடுச்சு. மாசக் கடைசியில எண்ணிக்கைக்காக ராத்திரி உக்காந்தாங்கன்னா மறுநாள் எட்டிப் பாக்கும்.

இப்ப பக்கத்து வீட்டு அக்காவும் தோளக் காட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு அழுத்துனா பொட்டுதான் வலிக்குது. பல்லு மட்டும் பத்திரமா இருக்கு.