புதுப்பிப்பு: ஒரே எஃகு, இரண்டு விதமான முறிவு

ஒரே எஃகுத் தகட்டிலிருந்து எடுத்த சார்ப்பி துண்டுகளில் (நடுவில் சிறு வெட்டுப் போட்டு, சுத்தியலால் அடித்து, உடைய எவ்வளவு ஆற்றல் தேவை என்று அளக்கும் சோதனைத் துண்டுகள்) 10 மி.மீ. தடிமன் உள்ளது படீரென உடைய, 5 மி.மீ. துண்டு அதே குளிரில் வளைந்து கிழிந்தது ஏன் என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது தெளிவாகிவிட்டது.

உடைந்த முகங்களைப் பார்த்தாலே பாதி புரிகிறது. தடித்ததில் மினுமினுக்கும் மணிமணியான பரப்பு. மெல்லியதில் ஓரமெல்லாம் சரிந்த, மங்கலான உதடுகள். தடித்த துண்டின் நடுவே உலோகம் பக்கவாட்டில் சுருங்க வழியில்லை. நெகிழ முடியாமல் வெட்டின் முனைக்கு முன்னால் தகைவு (பரப்பின் மீதான உள்விசை) எகிறிவிடுகிறது. வெட்டு கூர்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

அப்புறம், துண்டு தடிக்கத் தடிக்க அதன் குறுக்கே ஓடும் விரிசல் முனைக் கோடும் நீளும்; எஃகிலுள்ள பலவீனமான கார்பைடு துகள் (கார்பன் சேர்ந்த கடினத் துகள்) ஒன்று அதில் சிக்கும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் ஏஎஸ்டிஎம் இ1921 என்ற சோதனைத் தரமுறையில் முறிவுத் தாங்குதிறனை 25.4 மி.மீ. (ஓர் அங்குலம்) தடிமனுக்கு மாற்றிக் கணக்கிடுகிறார்கள். 10 மி.மீ. துண்டின் மதிப்பைப் பெற 5 மி.மீ. துண்டின் ஆற்றலை வெறுமனே 2-ஆல் பெருக்குவது, நிலைமாற்ற வெப்பநிலைக்கு (எஃகு வளைந்து கிழிவதிலிருந்து படீரென உடைவதற்கு மாறும் வெப்பநிலை) அருகில் எடுபடாது.