குதிகால் வலிக்கு எருக்கிலை ஒத்தடம்: செங்கல் சூடு எவ்வளவு?

பொட்டல்காடு:
சுட்ட செங்கல்மேல் எருக்கிலை போட்டுக் குதிகாலை வைக்கச் சொல்கிறார்கள். பச்சை இலையா, பழுத்ததா? சூட்டை எப்படிக் கணிப்பது? ஒத்தடம் எடுப்பவருக்கு வயது 62, சர்க்கரை உண்டு.

வேலியோரம்:
பழுத்து மஞ்சளான இலைதான், அதில் பால் குறைவு. காம்பைக் கிள்ளிப் பால் வடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்த நாட்டுச் செங்கல்லாக இருக்கட்டும். மழையில் நனைந்த கல்லை அடுப்பில் வைத்தால் உள்ளே நீராவி கட்டித் தெறிக்கும். சுட்ட கல்லை இடுக்கியால் தரையில் எடுத்து வைத்து இரண்டு மூன்று இலை அடுக்குங்கள். போட்டதுமே கருகினால் கல் ஆறட்டும். இலை வதங்கி, ஓரம் சுருண்டு, லேசாக ஆவி வந்தால் அதுதான் பதம். குதிகாலை ஒத்தி ஒத்தி எடுக்கணும், ஏறி நிற்கக் கூடாது. 10 நிமிடம் போதும்.

மருந்துக்கல்வம்:
சர்க்கரை என்றதுமே இதை நிறுத்தியிருக்கணும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்தாலும் தெரியாது. மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண். அவருக்குச் செங்கல்லும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் பேச்சே கூடாது. எருக்கில் இருப்பது அரளியில் உள்ளதைப் போன்ற இதய நஞ்சு: வாந்தி, பிறகு நாடித்துடிப்பு தாறுமாறாகும். சித்த மருத்துவத்தில் பற்பம் என்னும் சாம்பல் மருந்து செய்ய எருக்கம்பால் விட்டு அரைப்பதுண்டு, ஆனால் அது புடத்தில் எரிந்து வரும் சரக்கு. வீட்டு வேலை அல்ல.

வேலியோரம்:
சர்க்கரை என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அவர் சொல்வதே சரி.

கண்ணாடிக்காரன்:
இலை பறிப்பவர் கண்ணை யாரும் சொல்லவில்லையே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காது. ஆபத்தே அதில்தான்: பால் கருவிழியை மரக்கச் செய்துவிடும், உள்ளே வீக்கம் ஏறும், சில மணி நேரம் கழித்துப் பார்வை புகை படிந்ததுபோல் மங்கும். பட்டதுமே ஓடும் நல்ல தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டணும். சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும் பிள்ளைகளையும் கை கழுவாமல் கண்ணைத் தொட விடாதீர்கள்.

பொட்டல்காடு:
செங்கல்லைக் கைவிட்டாச்சு. வதக்கிய இலையை இரவு முழுக்கக் கட்டி வைக்கலாமா?

மருந்துக்கல்வம்:
வேண்டாம். மிச்சமிருக்கும் பால் துணிக்கடியில் ஊறித் தோலைப் புண்ணாக்கும். வெடித்த குதிகால் என்றால் இன்னும் மோசம்.