லைன் காலியாக இருந்தால்தான் பாக்கெட் தாமதம்: லிப்பீகேப், 10 ஜிகாபிட் கார்டு

தூங்காநகரத்தான்:
வணக்கம். லினக்ஸ் சர்வரில் 10 ஜிகாபிட் கார்டு. ஸ்விட்சின் மிரர் போர்ட்டிலிருந்து (மற்ற போர்ட்டுகளின் ட்ராஃபிக் நகலாக வரும் இடம்) வரும் ட்ராஃபிக்கை, லிப்பீகேப் (பாக்கெட் பிடிக்கும் லைப்ரரி) வைத்து சி-யில் நானே எழுதிய சின்ன நிரல் பிடிக்கிறது. சில வகை பாக்கெட்டைக் கண்டதும் அலர்ட் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. பகலில் லைன் நிரம்பி ஓடும்போது அலர்ட் டக்கென்று வந்துவிடுகிறது. ராத்திரி ட்ராஃபிக் அடங்கியதும் ஒரு விநாடி வரை இழுக்கிறது. நேற்று இரவு 2 மணிக்கு 0.2 விநாடிக்கு ஒரு பிங் விட்டு, அதை மட்டும் ஃபில்டர் செய்து பார்த்தேன். ஐந்தைந்தாகக் கொத்தாக வருகிறது. பாக்கெட் ஹெடரில் உள்ள நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்: 0.91, 0.71, 0.51, 0.31, 0.11. அடுத்த கொத்தும் அச்சு அசல் இதேதான்.

சிபியு சும்மா இருக்கிறது, டிராப் (தவறவிட்ட பாக்கெட்) பூஜ்யம். பஃபரை 64 எம்பி ஆக்கினேன், பலனில்லை. கார்டை மாற்ற வேண்டுமா?

கம்பிவேலி:
வெளியீட்டை க்ரெப்புக்கு (வரி தேடும் கருவி) பைப் செய்கிறீர்களா? அப்படியென்றால் பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே போகாது, பஃபர் நிரம்பிய பிறகுதான் போகும். டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பிடிக்கும் கருவியில் இதற்காகத்தான் -எல் கொடுப்போம்.

தூங்காநகரத்தான்:
பைப் உண்டு. ஆனால் வித்தியாசத்தைக் கால்பேக்கின் (பாக்கெட் கைக்கு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முதல் வரியிலேயே கணக்கிடுகிறேன், பிரிண்ட் அதற்கு அப்புறம்தான். அதனால் அதுவாக இருக்காது.

வளையக்காரன்:
கார்டில் கை வைக்காதீர்கள். பிடிப்பைத் தொடங்கும் பீகேப்_ஓப்பன்_லைவ் அழைப்பில் நான்காவதாக, டைம்அவுட் இடத்தில், 1000 கொடுத்திருக்கிறீர்களா? அந்த ஐந்து எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

லிப்பீகேப் 1.5-லிருந்து, கர்னல் இடம் கொடுத்தால், டிபாக்கெட் வி3 (கர்னலும் நிரலும் பகிரும் பஃபரின் மூன்றாம் வடிவம்) வழியாகப் பிடிக்கும். அதில் பாக்கெட் ஒவ்வொன்றாக உங்களிடம் வராது. கர்னல் ஒரு பிளாக்கில் அடுக்கிக்கொண்டே போகும். பிளாக் நிரம்ப வேண்டும், இல்லையென்றால் டைம்அவுட் முடிய வேண்டும். அப்போதுதான் கைமாறும். ஷேர் ஆட்டோ கதைதான்: கூட்டம் இருந்தால் உடனே கிளம்பும், இல்லாவிட்டால் டிரைவர் பொறுமை இழக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

லிப்பீகேப் எடுக்கும் பிளாக் 256 கேபி. 10 ஜிகாபிட் முழு வேகத்தில் ஓடினால் அது சுமார் 0.2 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். உங்கள் ராத்திரி பிங் 98 பைட். அதை வைத்து நிரப்ப ஆயிரத்துக்கு மேல் வேண்டும், எனவே ஒவ்வொரு முறையும் 1000 மில்லி விநாடி டைம்அவுட்தான் காப்பாற்றுகிறது. முதலில் வந்தவர் அதிக நேரம் காத்திருக்கிறார், கடைசியில் வந்தவர் 0.11.

டைம்அவுட்டைக் குறையுங்கள், அல்லது இமீடியட் மோட் (பாக்கெட் வந்ததுமே கொடுக்கும் முறை) போடுங்கள். 0 வைத்தால் உடனே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

தூங்காநகரத்தான்:
ஓப்பன்_லைவ் வரிக்குக் கீழேயே பீகேப்_செட்_இமீடியட்_மோட் சேர்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே 0.91.

வளையக்காரன்:
அது என்ன ரிட்டர்ன் செய்கிறது?

தூங்காநகரத்தான்:
-4. மானத்தை வாங்கிவிட்டது.

வளையக்காரன்:
எல்லோரும் வாங்கிய அடிதான். ஓப்பன்_லைவ் உள்ளுக்குள்ளேயே ஆக்டிவேட் செய்துவிடுகிறது. அதன் பிறகு எந்த செட் அழைப்பும் செல்லாது. -4 என்றால் ‘ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகிவிட்டது’. பீகேப்_கிரியேட், பிறகு செட் எல்லாம், கடைசியில் பீகேப்_ஆக்டிவேட். இந்த வரிசைதான். உங்கள் 64 எம்பி பஃபரும் இதே இடத்தில்தானே இருந்தது?

தூங்காநகரத்தான்:
ஆமாம், அதுவும் -4. ஆறு மாதமாக இயல்பான 2 எம்பியில்தான் ஓடியிருக்கிறது, நான் 64 என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வரிசையை மாற்றியதும் பிங் உடனுக்குடன் வருகிறது. ஆனால் காலை 10 மணிக்கு மேல் புதுத் தலைவலி: பீகேப்_ஸ்டாட்ஸில் டிராப் ஏறிக்கொண்டே போகிறது. பஃபர் இப்போது நிஜமாகவே 64 எம்பி. முன்பு 2 எம்பியில் ஒரு டிராப்கூட இல்லையே?

கம்பிவேலி:
இமீடியட் மோட் போட்டால் லிப்பீகேப் வி3-ஐ விட்டு வி2-வுக்குப் போய்விடும். வி2-வில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரே அளவு அறை. ஸ்னாப்லென் (ஒரு பாக்கெட்டில் பிடிக்கும் அதிகபட்ச பைட்) 65535, ஜிஆர்ஓ-வும் (பல பாக்கெட்டை ஒன்றாக இணைக்கும் வசதி) ஆனில் இருந்தால் 98 பைட் பிங்குக்கும் 64 கேபி அறை ஒதுக்கப்படும். 64 எம்பியில் சுமார் ஆயிரம் அறைதான் வரும். ஒரு பாக்கெட்டுக்காக ஒரு கல்யாண மண்டபம்! ஹெடர் மட்டும் போதுமென்றால் ஸ்னாப்லென்னை 256 ஆக்குங்கள், அறைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

வளையக்காரன்:
அது சரிதான், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. அலர்ட் எங்கே போகிறது?

தூங்காநகரத்தான்:
டியூட்டியில் இருப்பவரின் ஃபோனுக்கு.

வளையக்காரன்:
அப்புறம் எதற்கு இமீடியட் மோட்? ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவே நாலு விநாடி ஆகும். இமீடியட் மோடை எடுத்துவிட்டு டைம்அவுட் 10 மில்லி விநாடி வையுங்கள். வி3 திரும்ப வரும், பகலில் கொத்தாக எடுப்பதன் லாபமும் கையில் இருக்கும். வந்த பாக்கெட்டுக்கு உடனே பதில் அனுப்பும் நிரலுக்குத்தான் இமீடியட் தேவை.

கம்பிவேலி:
ஒன்று மட்டும். நீங்கள் அளக்கும் வித்தியாசத்தில் கார்டு பிடித்து வைத்திருக்கும் நேரம் சேராது. ஹெடரில் உள்ள நேரத்தைக் கர்னல்தான் போடுகிறது, கார்டு கர்னலைத் தட்டியெழுப்பும் இன்டரப்ட் வந்த பிறகு. ஈத்டூல் (கார்டு அமைப்பைக் காட்டும் கருவி) -சி கொடுத்து ஆர்எக்ஸ்-யூசெக்ஸ் (இன்டரப்டுக்கு முன் கார்டு காத்திருக்கும் மைக்ரோ விநாடி) பாருங்கள். கம்பியில் வந்த நேரமே வேண்டுமென்றால் கார்டு ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் தருகிறதா என்று ஈத்டூல் -டி (பெரிய எழுத்து டி, ‘டைம்’ என்பதன் முதலெழுத்து) காட்டும்.

தூங்காநகரத்தான்:
பார்த்தேன், ஆர்எக்ஸ்-யூசெக்ஸ் 50. பத்து மில்லி விநாடிக்கு முன்னால் அது தூசு, தொடவில்லை.

டைம்அவுட் 10, பஃபர் 64 எம்பி, இமீடியட் இல்லை. இரண்டு பகல் ஒரு இரவு ஓடிவிட்டது. டிராப் பூஜ்யம், ராத்திரி பிங்கில் அதிகபட்சம் 11 மில்லி விநாடி. ஒவ்வொரு செட் அழைப்புக்கும் கீழே ரிட்டர்ன் மதிப்பைச் சோதிக்கும் வரி சேர்த்தாயிற்று. இருவருக்கும் நன்றி. கார்டு வாங்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதி வைத்திருந்த மெயிலை இப்போதுதான் அழித்தேன்.