புதுப்பிப்பு: பாத்ரூம் வால்வு மாத்தியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, பழைய ஃபிளாட்ல பாத்ரூம் கேட் வால்வை (உள்ளே ஒரு தகடு இறங்கித் தண்ணியை அடைக்கிற வகை) எவ்வளவு திருகினாலும் தண்ணி நிக்கலைன்னு. இன்னைக்கு மாத்தியாச்சு. சிலர் சொன்ன மாதிரி வாஷர் பிரச்சினை இல்லை. கழட்டிப் பார்த்தா, உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு தண்டுலேர்ந்து விட்டுப்போய், போர் தண்ணி உப்பு வெள்ளையாப் படிஞ்சு அப்படியே இறுகிக் கிடந்துச்சு. கைப்பிடி மட்டும் சும்மா சுத்தியிருக்கு.

மொட்டை மாடி டேங்க்ல எங்க லைனை மூடிட்டுத்தான் பிளம்பர் அண்ணன் கைவெச்சார். துருப்பிடிச்ச ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பை இன்னொரு ரெஞ்சால பிடிச்சுக்கிட்டே வால்வைத் திருகினார். சுவருக்குள்ள பைப் உடைஞ்சிடுமோன்னுதான் எனக்குப் பயமே. இப்போ முக்கால் இஞ்ச் பித்தளை பால் வால்வு (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்பி மூடுற வகை). கால் சுத்துல தண்ணி நிக்குது. மாசம் ஒரு தடவை மூடித் திறக்கச் சொன்னார், இல்லேன்னா இதுவும் உப்புல இறுகிடுமாம். எதிர்வீட்டு அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க வால்வுக்கும் அதே வயசு.