ஜே.இ.ஜே ஸ்பிட்ஃபயர் ஸ்கின்: சாம்பல் நீலமாகிறது, வரிகள் பொருந்தவில்லை

வால்காற்று கேட்டது:

டிசிஎஸ் என்ற விமானச் சிமுலேட்டர் விளையாட்டில் (சிம்) ஸ்பிட்ஃபயர் எல்எஃப் மார்க் 9 போர் விமானத்துக்கு எம்கே392 ஸ்கின், அதாவது அந்தச் சீரியல் எண் கொண்ட விமானத்தின் வண்ணப் போர்வை, செய்து வருகிறேன். விங் கமாண்டர் ஜானி ஜான்சன் 1944-இல் 144-ஆவது கனடிய விங்கை (விமானப் படைப்பிரிவு) நடத்தியபோது ஓட்டிய விமானம், பக்கவாட்டில் ஜே.இ.ஜே என்று அவருடைய பெயரின் முதலெழுத்துகள். நார்மண்டி வாரத்தில், நேசப்படை அடையாளமான கருப்பு வெள்ளை வரிகளோடு இருந்த நிலையில் வேண்டும்.

நான்கு இடத்தில் நிற்கிறது:

1. மேல்பக்கத்து ஓஷன் கிரே, ஃபோட்டோஷாப்பில் சரியாகத் தெரிகிறது. சிம்மில் ஏற்றினால் நீலம் பூசியது மாதிரி ஆகிவிடுகிறது.
2. உடலின் வரிகள் வயிற்றுப் பக்கம் வந்து சேரும்போது அரை வரி அளவுக்கு விலகுகின்றன.
3. விமானம் முழுக்க பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுமினுப்பு.
4. பழைய படம் ஒன்றில் வட்டச் சின்னத்தின் வெளி வளையம் ஏறக்குறைய கருப்பாக இருக்கிறது. மஞ்சள் வளையம் இல்லாமல் விடுவதா?

டெம்ப்ளேட் (வரைய எடுத்த அடிப்படைப் படம்) 4096 பிக்சல் அளவு. டிடிஎஸ் படக்கோப்பாக, டிஎக்ஸ்டி1 சுருக்க முறையில் சேமிக்கிறேன்.

---

மெர்லின்66 பதில்:

வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் தேதியை முடிவு செய்யுங்கள் நண்பரே. 1944 ஜூன் முதல் வாரம் என்றால் வரி உடலையும் இறக்கையையும் முழுசாகச் சுற்றி வரும். சில வாரங்களிலேயே மேல்பக்கத்து வரிகளை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் கீழ்ப்பக்கம் மட்டும்தான். 1945 ஜனவரிக்கு வந்தால் வால் அருகே உள்ள ஸ்கை என்ற வெளிர்பச்சை நிறப் பட்டையே போய், மூக்குக் கூம்பும் கருப்பாகிவிடும். ஒரே விமானத்துக்கு மூன்று ஸ்கின். இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கின்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

அளவுகள்:

வரி விதி நேசப்படைத் தலைமையகத்தின் 23-ஆம் எண் குறிப்பாணையில் வந்தது, தேதி 1944 ஏப்ரல் 18. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு வரியும் 18 அங்குலம். வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை என ஐந்து. மொத்தம் 90 அங்குலம். உடலில் வால் இறக்கையின் முன்விளிம்புக்கு 18 அங்குலம் முன்னால் தொடங்கி மூக்குப் பக்கமாகப் போகும். அந்த 18 அங்குல இடத்தில் ஸ்கை பட்டை இருக்கிறது, அதை மூடாதீர்கள். இறக்கையில் வட்டச் சின்னத்துக்கு 6 அங்குலம் உள்ளே தொடங்கி உடலை நோக்கி. சின்னத்தின் மேல் எங்கேயும் ஏறக்கூடாது.

உடல் பக்கத்து வட்டம் சி1 வகை: மஞ்சள் 36 அங்குலம், நீலம் 32, வெள்ளை 16, சிவப்பு 12. இறக்கைக்கு அடியில் மஞ்சள் இல்லாத சி வகை: 32, 16, 12. இறக்கை மேலே நீலம், சிவப்பு மட்டும் உள்ள பி வகை; சிவப்பின் விட்டம் நீலத்தில் ஐந்தில் இரண்டு. வால் துடுப்பில் 24 அங்குலச் சதுரம்: சிவப்பு 11, வெள்ளை 2, நீலம் 11, சிவப்பு முன்பக்கம். சீரியல் எண் கருப்பு, 8 அங்குல உயரம், கோட்டின் தடிமன் 1 அங்குலம்.

இதை பிக்சலாக மாற்ற, டெம்ப்ளேட்டில் உடல் வட்டத்தின் மஞ்சள் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 396 பிக்சல் வந்தால் அங்குலத்துக்கு 11. மஞ்சள் வளையம் 22 பிக்சல், ஒரு வரி 198, ஐந்தும் சேர்ந்து 990. சீரியல் எழுத்தின் உயரம் 88 வருகிறதா என்று அதே இடத்தில் சரிபாருங்கள். வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. உடலுக்கு எடுத்த கணக்கை இறக்கைக்குப் போடாதீர்கள். யூவியில், அதாவது மாடலின் பரப்பைத் தட்டையாக விரித்த படத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் அளவு மாறும்.

வயிற்றில் விலகுவதற்குக் காரணம், உடல் வால் பக்கம் குறுகும்போது யூவி துண்டு சாய்ந்து விரிவதுதான். டெம்ப்ளேட்டில் செங்குத்தாக இருக்கும் கோடு மாடலில் செங்குத்தாக இருக்காது. தனி லேயரில் 10 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, விமானத்தைத் திருப்பிப் பார்க்கும் மாடல் வியூவரில் ஏற்றுங்கள். பக்கத்தில் 7 என்ற கோடு வயிற்றில் எங்கே வந்து முட்டுகிறது என்று கண்ணால் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப வார்ப் கருவியால் வரி லேயரை வளையுங்கள். வட்டச் சின்னமும் இதே காரணத்தால் முட்டை வடிவமாகும், அதே வார்ப்பை அதற்கும் போடுங்கள்.

இன்னொன்று: வரிகளைப் பெரும்பாலும் அவசர அவசரமாகத் தூரிகையால் அடித்தார்கள். வடிவியல் பெட்டியில் வரைந்த மாதிரி விளிம்பு வேண்டாம். ஒன்றிரண்டு பிக்சல் அலை இருக்கட்டும்.

---

செம்மண்பச்சை பதில்:

நான்காவது கேள்வி முதலில். மஞ்சளை எடுக்காதீர்கள். அந்தப் படம் ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளில் எடுத்ததாக இருக்கும். அந்தச் சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாகவும் மஞ்சள் அடர்த்தியாகவும் நீலம் வெளுத்தும் விழும். நடுவில் உள்ள சிவப்பைப் பாருங்கள். அது நீலத்தைவிடக் கருத்திருந்தால் சுருள் ஆர்த்தோதான். பான்குரோமேட்டிக் சுருளில் மஞ்சள் வெளிறித் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறம் யூகிப்பது பெரிய தவறில் கொண்டுபோய் விடும்.

இப்போது சாம்பல். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்பக்கத்தில் டார்க் எர்த் என்ற பழுப்பு போய் ஓஷன் கிரே வந்தது, அடியில் மீடியம் சீ கிரே. டார்க் கிரீன் அப்படியே நீடித்தது. இன்றைய பிரிட்டிஷ் தர அட்டை 381சி-யில் டார்க் கிரீன் 641, மீடியம் சீ கிரே 637. ஓஷன் கிரேக்கு நெருக்கமாக 629-ஐ எடுத்துக்கொள்கிறார்கள்.

அட்டையின் நிறத்தை நேராகக் கொட்டினால் உங்களுக்கு வந்த நீலம்தான் வரும். சிம் தானாகவே வானத்தின் நீலத்தை மேல்பரப்பில் பிரதிபலிக்கிறது. தூரத்து மூட்டத்தையும் அதுவே சேர்க்கிறது. ஓஷன் கிரேயில் ஏற்கெனவே நீலச் சாயல் உண்டு, இரண்டும் சேர்ந்து கூடிவிடுகிறது. நான் தொடங்கும் எண்கள், சிவப்பு பச்சை நீலம் வரிசையில்:

ஓஷன் கிரே 94, 100, 102
டார்க் கிரீன் 70, 72, 60
மீடியம் சீ கிரே 130, 136, 140
வட்டத்தின் சிவப்பு 125, 52, 44
நீலம் 38, 46, 72
வரியின் வெள்ளை 212, 210, 204
வரியின் கருப்பு 36, 36, 37

இவை தொடக்கம்தான். நண்பகல், மேகமூட்டம், மாலை ஆகிய மூன்று நேரத்திலும் பார்த்துத் திருத்துங்கள். மாலை வெளிச்சத்தில் மட்டும் பார்த்துச் சரிசெய்தால் நண்பகலில் கெட்டுப்போகும். வெள்ளைக்கு 255 கொடுத்தால் வெயிலில் வரி எரிந்து, தூரிகைத் தடம் எதுவும் தெரியாது. டெம்ப்ளேட்டில் நிழல் லேயர் இருந்தால் அதன் அடர்த்தியை 15 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். நிழலைச் சிம் போடும். நீங்களும் போட்டால் அழுக்காகத் தெரியும்.

---

ரிவெட் பதில்:

மினுமினுப்புக்கு ரஃப்மெட், அதாவது பரப்பு எப்படி ஒளிர வேண்டும் என்று சொல்லும் கோப்புதான் காரணம். அதில் சிவப்புச் சேனல் இடுக்கு நிழல், பச்சை சொரசொரப்பு, நீலம் உலோகத்தன்மை. பெயிண்டுக்கு நீலம் சுத்தமாக 0. அங்கே 20, 30 என்று கசிந்தாலே பொம்மைத் தோற்றம் வந்துவிடும். பச்சையை 150-இலிருந்து 165-க்குள் வையுங்கள். போர்க்கால எஸ் வகைப் பூச்சு வழவழப்பானது, முழு மேட் இல்லை. வரிகளுக்கு மட்டும் 200 வரை ஏற்றலாம், அது தூரிகையில் அடித்தது.

இந்தக் கோப்பைச் சேமிக்கும்போது நிறப்படத்துக்கான எஸ்ஆர்ஜிபி தெரிவை எடுத்துவிடுங்கள். இது நிறம் இல்லை, எண். காமா மாற்றம் விழுந்தால் நீங்கள் கொடுத்த 160 வேறு எண்ணாகப் படிக்கப்படும், பிறகு எவ்வளவு திருத்தினாலும் பிடிபடாது.

டிஎக்ஸ்டி1 நிறத்தை 5-6-5 பிட்டில் வைக்கிறது. பச்சைக்கு ஒரு பிட் கூட என்பதால் மெதுவாக மாறும் சாம்பலில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். 4096 அளவில் டிஎக்ஸ்டி1 8 எம்பி, தரம் கூடிய பிசி7 சுருக்கம் 16 எம்பி. மிப்மேப் (தூரத்தில் காட்டச் சிறிதாக்கிய நகல்கள்) சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். சிம் பிசி7-ஐ ஏற்றால் உடலுக்கும் இறக்கைக்கும் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சாம்பலின் மேல் 2 சதவீத இரைச்சல் தூவுங்கள், கட்டம் மறையும். மிப்மேப் இல்லாமல் சேமித்தால் தூரத்தில் வரிகள் மின்னும்.

பெயிண்ட் உரிந்த இடங்களில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மார்க் 9-இன் சுக்கான் துணி போர்த்தியது, அதில் அலுமினியம் தெரியவே முடியாது. எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) உலோகம், அங்கே தெரியலாம். ரோடோல் நிறுவனத்தின் ஜப்லோ வகை முன்விசிறி அலகு மரத்தால் ஆனது. முனையில் 4 அங்குல மஞ்சள், உரிந்த இடத்தில் வெள்ளி போடாதீர்கள். உரிவு அதிகம் தெரிய வேண்டியது இறக்கை வேர்: விமானியும் மெக்கானிக்கும் ஏறி மிதிக்கும் இடம்.

---

வால்காற்று:

எண் போட்ட கோடு மாட்டிப் பார்த்தேன். பக்கத்து 7, வயிற்றில் 7-க்கும் 8-க்கும் நடுவில் முட்டுகிறது. வார்ப் போட்டதும் சேர்ந்துவிட்டது. ரஃப்மெட்டில் நீலம் 40 இருந்தது, 0 ஆக்கினேன். எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒன்றுதான்: உடலைத் திருத்தினாலும் சிம் பழைய படத்தையே காட்டுகிறது.

---

ரிவெட்:

எந்தப் படத்தை எங்கே எடுப்பது என்று சொல்லும் டிஸ்கிரிப்ஷன் லுவா கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் இருக்கும். ட்ரூ என்றால் சிம்மின் மூலப் படத்தை எடுக்கும். ஃபால்ஸ் என்றால் உங்கள் கோப்புறையிலிருந்து. உடலுக்கு நிறப்படம் 0, ரஃப்மெட் 13 என இரண்டு வரி இருக்கும், இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். கோப்பின் பெயரை எழுதும்போது பின்னால் டிடிஎஸ் சேர்க்க வேண்டாம். கோப்புறை சேவ்டு கேம்ஸுக்குள் டிசிஎஸ், அதில் லிவரீஸ், அதற்குள் ஸ்பிட்ஃபயர்எல்எஃப்எம்கேஐஎக்ஸ். இந்தப் பெயரில் இடைவெளி கிடையாது.