மறு: 'பிளானார்' முறைக்குத் தமிழ்ச்சொல்

ஐயா, வணக்கம்.

சிலிக்கன் டிரான்சிஸ்டர் தயாரிக்கும் 'பிளானார்' முறைக்கு நீங்கள் சொன்ன 'சமதளச் செயல்முறை' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முறையை உருவாக்கிய ழான் ஹோர்னி செய்த வேலையின் உயிர் அதில் இல்லை.

1957இல், டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷாக்லியின் நிறுவனத்தை விட்டு வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கிய எட்டுப் பேரில் ஹோர்னியும் ஒருவர். சுவிட்சர்லாந்துக்காரர், கோட்பாட்டு இயற்பியல் படித்தவர். அங்கே முதலில் விற்றவை 'மெசா' டிரான்சிஸ்டர்கள். சிலிக்கனைச் சுற்றிலும் அரித்து நடுவில் ஒரு மேடு விடுவார்கள். சந்தியின் (இருவகைச் சிலிக்கன் சேரும் இடத்தின், 'ஜங்ஷன்') விளிம்பு மேட்டின் பக்கவாட்டில் திறந்தே கிடக்கும். உலோக உறைக்குள் உதிர்ந்த ஒரு துகள் அங்கே போய் ஒட்டினால் குறுக்குச்சுற்று, கதை முடிந்தது. பென்சிலால் தட்டினாலே சில செத்துப்போயின.

விரவலின்போது (சிலிக்கனுக்குள் பிற தனிமங்களைப் புகுத்தும் 'டிஃப்யூஷன்') மறைப்பாக இருந்த ஆக்சைடு படலத்தில் மாசு சேர்ந்திருக்கும், வேலை முடிந்ததும் அதை அகற்றிவிட வேண்டும் என்பதுதான் அப்போதைய வழக்கம். ஹோர்னி, அதை அப்படியே விட்டுவைத்தால் சந்திக்கு அதுவே காவல் என்றார். 1957 டிசம்பரில் குறிப்பேட்டில் எழுதியதற்கு 1959 மே மாதம் காப்புரிமை கேட்டார்கள். அதே ஆண்டு, அந்த எட்டுப் பேரில் இன்னொருவரான ராபர்ட் நாய்ஸ் அந்த ஆக்சைடின் மேல் அலுமினியத் தடங்களை ஓட்டி ஒருங்கிணைந்த சுற்றை ('சிப்') வகுத்தார். அந்த ஆக்சைடு மூடி இல்லையென்றால் தடம் எதன் மேல் ஓடும்?

ஆகவே என் பரிந்துரை: மூடுசந்தி முறை, மூடுசந்தி டிரான்சிஸ்டர். முட்டுச்சந்து ஞாபகம் வருகிறது என்று யாராவது சிரிக்கலாம், பரவாயில்லை.

'பிளானார்' என்ற சொல் தட்டையைத்தானே குறிக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் 'சமதளம்' நமக்கு வேறொரு இடத்தில் கட்டாயம் வேண்டும். 2011இல் இன்டெல் 22 நானோமீட்டரில் செங்குத்துத் துடுப்பு வடிவ டிரான்சிஸ்டரை அறிவித்தபின், அதற்கு எதிராகப் பழைய வடிவத்தையும் 'பிளானார்' என்றே சொல்கிறார்கள். அங்கே பேச்சு வடிவத்தைப் பற்றியது, ஆக்சைடு மூடியைப் பற்றியதல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்தான் குழம்புவார்.

'மெசா'வுக்கு 'மேட்டுநில டிரான்சிஸ்டர்' எல்லாம் வேண்டாம். ஸ்பானியத்தில் மெசா என்றால் மேசை, நம் மேசையும் போர்த்துக்கீசிய மெசாவிலிருந்து வந்ததுதான். மேசை டிரான்சிஸ்டர் என்றே எழுதலாம்.

பரப்பை இப்படிப் படலத்தால் காப்பதைக் குறிக்கும் 'பேசிவேஷன்' இன்னும் பாக்கி. 'செயலறச் செய்தல்' என்றால் கருவியே செயலிழந்தது போலக் கேட்கிறது. 'பரப்புக் காப்பு' சரியாக இருக்குமா? வேதியியல் நண்பர்கள் சொல்லட்டும்.