எச்.ஐ.வி. வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) அடங்கிய பிறகும் கேன்சர் பரிசோதனை தேவையா?

சைதை கவுன்சலர்:
ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) ஆரம்பிக்கும்போது சிடி4 (எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை) 90, இப்போது 540. வைரல் லோடு மூன்று வருஷமாக 'கண்டறியப்படவில்லை'. 38 வயதுப் பெண், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இதுவரை செய்ததில்லை. இப்படிப்பட்டவருக்கு எதைச் செய்யச் சொல்ல வேண்டும்?

கைனக் ஓ.பி.:
கட்டாயம் செய்யணும் மேடம். அந்த 90தான் இங்கே முக்கியம். எதிர்ப்புச் சக்தி படுத்துக் கிடந்த காலத்தில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் கர்ப்பப்பை வாயில் நிலைத்துவிடும். பிறகு சிடி4 ஏறினாலும் எல்லோருக்கும் அது விலகாது. ஏ.ஆர்.டி. எச்.ஐ.வி.யை அடக்கும், எச்.பி.வி.யை நேரடியாகத் தொடாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. எச்.ஐ.வி. அடங்கியதும் மளமளவென்று இறங்குவது கபோசி சர்கோமா என்ற வேறொரு புற்றுநோய்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னபடி, இவர்களுக்கு 25 வயதிலிருந்தே எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட், 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை. பாசிட்டிவ் வந்தால் வயா (அசிட்டிக் ஆசிட் தடவி வெறும் கண்ணால் பார்ப்பது) அல்லது கால்போஸ்கோபி (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது). அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 12 மாதத்தில் மறுபடி டெஸ்ட். சிகிச்சை எடுத்தவருக்கும் 12 மாதத்தில் ஒன்று, அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று. 'சரியாகிவிட்டது' என்று நினைத்து வராமல் போவது இந்த இடத்தில்தான். தேதியை ஏ.ஆர்.டி. புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வயா மட்டும் கிடைக்கிற இடம் என்றால் 3 வருஷத்துக்கு ஒருமுறை. அசிட்டிக் ஆசிட் தடவி முழுசாக ஒரு நிமிஷம் காத்திருக்கணும். கூட்ட நெரிசலில் அவசரப்பட்டால், வெள்ளைத் திட்டு எழும்புவதற்குள் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். அவர்களுக்கு வயா போதாது.

பயாப்சி மேஜை:
இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் முதல் சந்தேகம் டி.பி. அது நியாயமும்கூட. ஆனால் ஊசி டெஸ்டில் தெளிவாக ஒன்றும் வராமலே டி.பி. மருந்து ஆரம்பித்து, கட்டி வளர்ந்துகொண்டே போனால் லிம்போமாவை (நிணநீர்ப் புற்றுநோய்) நினைக்கணும். ஊசியில் வருவது சில செல்கள்தான். லிம்போமாவின் வகையைச் சொல்ல நெறியை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததில் ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு நார்மல் சலைனில் போகட்டும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டி.பி. கல்ச்சருக்கு வழியே இல்லை.

மருந்தக ஜன்னல்:
வைரல் லோடு திடீரென்று ஏறினால் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் டி.எல்.டி.யோடு (ஏ.ஆர்.டி.யில் தரும் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை) சேர்த்துப் போட்டால் அதிலுள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், இல்லையென்றால் டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடணும். அசிடிட்டி ஜெல்லுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, அதே இடைவெளிதான்.